காலைக் கறவைக்கு யார் வருவது?

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்த அன்று இரவு, எங்கள் கல்லூரி மாட்டுப் பண்ணையின் மூத்த பணியாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், நாளைக்குக் காலைக் கறவைக்கு யார் வர்றது?" என்று மட்டும் கேட்டார். உத்தரவை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். வகுப்பு, தேர்வு, விடுதி, நூலகம், ஆய்வகம் என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு வரி இருந்தது. மாட்டுக்கு எதுவும் இல்லை.

வேளாண் கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். மற்றக் கல்லூரிகளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் புத்தகங்களில் தூசி படிந்திருக்கும், அவ்வளவுதான். எங்கள் இடத்தில் அப்படி இல்லை. கறவை மாட்டை ஒரு நாள் கறக்காமல் விட்டால் மடி கல்லாக இறுகிவிடும். இன்னும் விட்டால் மடிவீக்க நோய். அடைகாப்பானில் வைத்த கோழிமுட்டை 21-ம் நாள் பொரிந்தே தீரும். புது ரகம் உருவாக்க, பூவின் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூவி, காகித உறை மாட்டி வைத்த கதிரை அது முற்றும் வாரத்தில் அறுக்காவிட்டால் எலிக்கும் பறவைக்கும் போய்விடும். அதோடு ஒரு மாணவரின் மூன்று வருட உழைப்பும் போகும்.

அந்த ஊரடங்கில் நாலு பேர் முறை வைத்து வந்து பண்ணையைக் காப்பாற்றினோம். அது போர் அல்ல. குண்டு விழவில்லை, நாங்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில்தான், போரின் நடுவில் இப்படி ஓர் இடத்தை நடத்தியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். இன்றுவரை அந்தப் படிப்பை விட முடியவில்லை. முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது நாஞ்சிங் மந்தையின் கதை.

1937-ல் ஜப்பானியப் படை சீனத்தின் அன்றைய தலைநகரான நாஞ்சிங்கை நெருங்கியது. அங்கிருந்த தேசிய மத்தியப் பல்கலைக்கழகம் யாங்சி ஆற்றின் மேல்பகுதியில் உள்ள சோங்சிங் நகருக்கு இடம்பெயர்ந்தது. அதன் தலைவர் லுவோ ஜியாலுன் முன்யோசனை உள்ளவர். புத்தகங்கள், கருவிகள், ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லோரும் கப்பலேறினார்கள். வேளாண் கல்லூரியின் கால்நடைகளிலும் நல்ல இனங்களாகப் பார்த்து ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடியைக் கப்பலில் ஏற்ற ஏற்பாடு செய்தார். மீதி மந்தைக்கு இடமில்லை. வெளிநாட்டிலிருந்து தருவித்த பால்மாடுகள், பன்றிகள், கோழிகள் என்று பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்தவை அவை. அவற்றைப் பார்த்துக்கொள்ள வாங் யூடிங் என்ற பண்ணைப் பொறுப்பாளர் இருந்தார். அவரிடம் லுவோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்: எதிரி நெருங்கிவிட்டால் கால்நடைகளை விட்டுவிட்டுப் போகலாம், பல்கலைக்கழகம் உங்களைக் குறை சொல்லாது.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். நடத்துகிறவர் சொல்லக்கூடிய மிகக் கனிவான சொல் அது. ஓர் உயிரை மாட்டுக்காகப் பணயம் வைக்காதே என்றுதானே அதற்கு அர்த்தம்? லுவோவின் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சொல்லாமல் போயிருந்தால் அதுதான் தவறு. ஆனால் வாங் அந்த அனுமதியைப் பயன்படுத்தவில்லை.

டிசம்பர் 13-ல் நாஞ்சிங் விழுந்தது. அதன் பிறகு அந்த நகரத்தில் நடந்த கொடுமைகளை உலகம் அறியும். அதற்குச் சில நாட்கள் முன்னால், வாங்கும் உடனிருந்த பணியாளர்களும் மரப் படகுகளைப் பிடித்துக் கால்நடைகளோடு ஆற்றைக் கடந்தார்கள். மறுகரையிலிருந்து நடை. கோழிக் கூண்டுகளையும் முயல் கூண்டுகளையும் மாடுகளின் முதுகில் கட்டினார்கள். ஆன்ஹுய், ஹெனான், ஹூபே மாகாணங்கள் வழியாக, போர்முனை தங்களை எட்டிப் பிடித்துவிடாதபடி விலகி விலகி மேற்கே போனார்கள். சில நாள் நடந்தால் சில நாள் ஓய்வு.

பால்மாட்டை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வேகத்தின் காரணம் தெரியும். பால் இனங்கள் நெடுந்தூரம் நடக்கப் பிறந்தவை அல்ல. மடி பெருத்த மாடு நடந்தால் தொடையும் மடியும் உரசிப் புண்ணாகும். குளம்பு தேய்ந்தால் நொண்டும், நொண்டினால் மேயாது, மேயாவிட்டால் பால் வற்றும். அடர்தீவனம் கிடைக்காத வழியில், குளிர்காலத்தில், சினைமாடுகளையும் கன்றுகளையும் ஓட்டிக்கொண்டு போவது என்றால் மந்தையில் மிக மெதுவாக நடக்கும் உயிரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். கடைசியில் யிசாங் துறையில் கப்பல் பிடித்து 1938 நவம்பரில் சோங்சிங் போய்ச் சேர்ந்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம்.

லுவோ அந்தச் சந்திப்பைப் பற்றிப் பின்னாளில் எழுதியிருக்கிறார். சோங்சிங்கின் ஷாபிங்பா வளாகத்துக்கு அருகே, மாலை நேரச் சாலையில் மந்தை எதிரே வந்தது. ஹான் அரச வம்சக் காலத்துத் தூதர் சூ வூ எல்லைக்கு அப்பால் 19 வருடம் ஆடு மேய்த்துவிட்டு ஊர் திரும்பினார் என்று சீனர்கள் சொல்வார்கள். ஓட்டிவந்தவர்கள் அந்த சூ வூவைப்போல இருந்தார்களாம். வெகுநாள் பிரிந்த உறவுகளைக் கண்டதுபோல, அந்த மாடுகளைக் கட்டிக்கொண்டு முத்தமிடத் தோன்றியது என்கிறார். ஒரு பல்கலைக்கழகத் தலைவர் எழுதியவற்றில் எனக்குப் பிடித்த வரி இதுதான். அந்தக் காலத்தில் சீனக் கல்வியாளர்களிடம் ஒரு பேச்சு இருந்தது. தியான்ஜினில் இருந்த நான்கை பல்கலைக்கழகத்தை 1937 ஜூலை இறுதியில் குண்டு வீசி அழித்தார்கள், அங்கே கோழியும் நாயும் மிஞ்சவில்லை. மத்தியப் பல்கலைக்கழகத்திலும் கோழியும் நாயும் மிஞ்சவில்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோய்விட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலரும் லுவோவின் நிர்வாகத் திறமையைப் புகழ்வார்கள். அது நியாயம்தான். ஆனால் போர்க்காலத்தில் ஒரு வேளாண் கல்லூரியை நடத்துவது யார் என்று கேட்டால், தொழுவத்தின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் என்றுதான் நான் சொல்வேன். தலைவர் முடிவெடுக்கலாம், அனுமதி தரலாம், பணம் தேடலாம். காலையில் எழுந்து தீவனம் வைப்பவர் தலைவர் அல்ல. போர் வரும்போது இந்த உண்மை அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. அமைதிக்காலத்திலும் அதுதான் உண்மை. என்ன, சம்பளப் பட்டியலைப் பார்த்தால் அது தெரியாது.

போர் எங்கே வந்தாலும் ஒரு வேளாண் கல்லூரியிடமிருந்து பறிப்பவை ஏறக்குறைய ஒன்றேதான். முதலில் ஆட்கள். மாணவர்களும் உழவு வேலை செய்யும் இளைஞர்களும் படைக்குப் போவார்கள். அப்புறம் இழுவை: முதல் உலகப் போரில் குதிரைகள், பிறகு வந்த போர்களில் டீசல். அப்புறம் உரம். காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் அதே தொழிற்சாலைதான் வெடிமருந்துக்கும் மூலப்பொருள் தருகிறது. எனவே போர் தொடங்கியதும் வயலுக்கு வர வேண்டியது குண்டுக்குப் போய்விடும். அமோனியம் நைட்ரேட் மூட்டை இருக்கும் கல்லூரிக் கிடங்கை எந்தத் தரப்புப் படையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1843 முதல் ஒரே நிலத்தில் கோதுமை விதைத்து, உரங்களின் விளைவை ஆண்டுதோறும் அளந்து வருகிறார்கள். முதல் உலகப் போரில் களையெடுக்க ஆளில்லாமல் அந்த நிலத்தில் களை மண்டியது. அதை அடக்க 1920-களில் நிலத்தைப் பகுதி பகுதியாகத் தரிசு போட வேண்டியிருந்தது. போர் முடிந்த பிறகும் மண்ணுக்குள் களைவிதை உறங்கிக்கொண்டிருக்கும். எந்த வரலாற்றுப் புத்தகமும் இதைப் போர்ச் சேதக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன்.

சீனத்துக்கே திரும்புகிறேன். ஹாங்சோ நகரிலிருந்த செஜியாங் பல்கலைக்கழகத்தின் தலைவர் சூ கெசென் ஒரு வானிலை அறிஞர். 1937 இறுதியில் பல்கலைக்கழகத்தைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டவர், ஒரு இடத்தில் அமர்வதும் போர் நெருங்கினால் கிளம்புவதுமாக, கடைசியில் 1940-ல் குய்சோ மாகாணத்து மலைகளுக்குள் போய்ச் சேர்ந்தார். இடையில் 1938-ல் ஜியாங்சி மாகாணத்தின் தைஹேயில் சில மாதங்கள். அங்கே ஆற்றில் அடிக்கடி வெள்ளம் வரும். தங்கியது சில மாதங்கள்தான் என்றாலும், ஊர்க்காரர்களோடு சேர்ந்து வெள்ளத் தடுப்புக் கரை ஒன்றைக் கட்டினார்கள். தரிசு நிலத்தைத் திருத்திப் போர் அகதிகள் பயிர் செய்ய ஒரு பண்ணையும் அமைத்தார்கள். அந்தக் கோடையில்தான் வயிற்றுக்கடுப்பு நோயில் சூவின் மகனும் மனைவியும் அடுத்தடுத்து இறந்தார்கள். சில வாரங்களில் அவர் பல்கலைக்கழகத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். குவாங்சியின் யீஷானில் மலேரியா வாட்டியது. 1939 பிப்ரவரியில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் வளாகத்தில் விழுந்தன.

தைஹே கரையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். தன் கல்லூரியே மூட்டை முடிச்சோடு அலையும்போது அடுத்தவர் வயலுக்கு ஏன் கரை கட்ட வேண்டும்? வேளாண் கல்லூரி என்றால் என்ன என்பதை அந்த மனிதர் சரியாகப் புரிந்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமக்குச் சுற்றுச்சுவர் இருக்கலாம். ஆனால் நம்முடைய நீர், பூச்சி, நோய், வெள்ளம் எல்லாம் சுவருக்கு வெளியே இருந்துதான் வருகின்றன. பக்கத்து வயலில் விளையாதபோது கல்லூரி வயலில் மட்டும் விளைந்தால், முதலில் பொறாமை வரும், பிறகு திருட்டு வரும், போர்க்காலம் என்றால் துப்பாக்கியும் வரும்.

குய்சோவில் வேளாண் கல்லூரிக்கு மெய்தான் என்ற சிற்றூர் கிடைத்தது. போர் முடியும்வரை அங்கேதான். குலக்கோவிலும் பழைய வீடுகளும் ஆய்வகங்களாயின. லுவோ தெங்யீ என்ற வேளாண் வேதியியலாளர் அந்த மலைகளில் தானாக முளைத்துக் கிடந்த முள் ரோஜாப் புதரின் பழத்தை ஆராய்ந்து, அதில் வைட்டமின் சி மிக அதிகம் என்று கண்டார். வெளியிலிருந்து எதுவும் வராத இடத்தில், காலடியில் இருப்பதைச் சோதித்துப் பார்க்கிற மனம் அது. அதே ஊரில் டான் ஜியாசென் என்ற மரபியலாளர் பொறிவண்டுகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் இறக்கையுறையில் உள்ள புள்ளிகள் எப்படித் தலைமுறைக்குத் தலைமுறை இறங்குகின்றன என்பதே கேள்வி. தாயிடமிருந்து வந்த கோலமும் தந்தையிடமிருந்து வந்த கோலமும் பிள்ளை வண்டின் முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிவதைக் கண்டார். அந்த ஆய்வு 1946-ல் அமெரிக்காவின் மரபியல் இதழில் வந்தது. மரபியல் வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம், நாடே பற்றி எரிந்துகொண்டிருந்தபோது ஒருவர் வண்டின் முதுகில் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதை வீண்வேலை என்று எந்த மாணவரும் இதுவரை சொன்னதில்லை.

சூ கெசென் அத்தனை அலைச்சலிலும் நாட்குறிப்பு எழுதினார். 1936 முதல் 1974-ல் அவர் இறப்பதற்கு முந்தைய நாள்வரை எழுதியவை இருக்கின்றன. எந்த மரம் எப்போது பூத்தது, எந்தப் பறவை எப்போது வந்தது என்று அவற்றில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். உழவனுக்கு நாட்காட்டி அதுதானே.

இனி ரஷ்யாவின் லெனின்கிராட், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க். தாவர அறிஞர் நிகோலாய் வவிலோவ் அங்கே வளர்த்தெடுத்த பயிரியல் நிறுவனம் கல்லூரி அல்ல. ஆனால் உலகத்தின் எந்த வேளாண் கல்லூரியில் படித்தவரும் அதற்குக் கடன்பட்டவர். உலகம் முழுவதிலிருந்தும் திரட்டிய விதைகள் அங்கே இருந்தன. 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நகரை வளைத்தது. முற்றுகை 872 நாள். அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரொட்டி 125 கிராம். அந்த நிறுவனத்துக்குள் அரிசி, கோதுமை, நிலக்கடலை, உருளைக்கிழங்கு எல்லாம் இருந்தன. காவல் காத்தவர்கள் அதைத் தொடவில்லை. நெல் சேகரிப்புக்குப் பொறுப்பாக இருந்த திமித்ரி இவானோவ் பட்டினியால் இறந்தார். நிலக்கடலைக்குப் பொறுப்பான அலெக்சாந்தர் ஷ்சூகின் தன் மேசையிலேயே இறந்தார். இன்னும் பலரும். வவிலோவ் அதற்கு முன்பே, 1940-ல், தன் சொந்த அரசாங்கத்தால் கைது செய்யப்பட்டிருந்தார். 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் அவரும் பட்டினியில் நலிந்துதான் இறந்தார்.

இதைத் தியாகம் என்று ஒரே சொல்லில் சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. வாசலுக்கு வெளியே குழந்தைகள் பசியில் செத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மூட்டைகள். அந்த விதையை வேகவைத்துக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு மாணவி வகுப்பில் என்னிடம் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. நகரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிக்கியிருந்தார்கள், அந்த விதை அவர்களுக்கு ஒரு நாள் உணவுக்கும் போதாது என்று கணக்குச் சொன்னேன். சொல்லும்போதே அது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒரு குழந்தைக்கு அது போதுமே? இவானோவும் இதை யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார். அவர் தனக்கும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதால்தான் அவர் முடிவை மதிக்க முடிகிறது. தான் சாப்பிட்டுவிட்டு மற்றவர்களுக்கு மறுத்திருந்தால் அது வேறு கதை.

உருளைக்கிழங்கின் நிலை இன்னும் கடினம். தானிய விதையைப்போலக் காயவைத்துப் பல வருடம் வைக்க முடியாது. கிழங்கு உறைந்தாலும் போச்சு, அழுகினாலும் போச்சு. ஒவ்வொரு வருடமும் நட்டே ஆக வேண்டும். நகருக்கு வெளியே பாவ்லோவ்ஸ்க் வயலில் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே கிழங்கைத் தோண்டி எடுத்து வந்தார்கள். குளிர்காலத்தில் நிலவறையில் வைத்து, உறையாமல் இருக்க அகப்பட்ட மரச்சாமான்களை எரித்துச் சூடேற்றினார்கள். வசந்தத்தில் திரும்பவும் நட்டார்கள். 1942-ல் அந்த நிறுவனம் இருந்த புனித ஐசக் சதுக்கத்திலேயே முட்டைக்கோசு பயிரிட்டார்கள். பெரிய தேவாலயத்துக்கு முன்னால் வரிசை வரிசையாக முட்டைக்கோசு நிற்கும் புகைப்படம் இருக்கிறது. என் மேசைக்கு மேலே அதன் நகல் ஒட்டியிருக்கிறது.

விதை என்றால் பெட்டியில் போட்டுப் பூட்டிவைக்கும் பொருள் என்று வெளியில் பலரும் நினைக்கிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது மெதுவாக மூச்சுவிடும் உயிர். குளிரிலும் உலர்விலும் வைத்தால் அந்த மூச்சு இன்னும் மெதுவாகும், அவ்வளவுதான். முளைப்புத்திறனை அவ்வப்போது சோதிக்க வேண்டும். குறைந்தால் வயலில் விதைத்து, ஒன்றோடொன்று கலக்காமல் வளர்த்து, புது விதை எடுக்க வேண்டும். வயலும் தண்ணீரும் மின்சாரமும் ஆளும் இல்லாமல் எந்த விதைக் காப்பகமும் நிற்காது.

சிரியாவில் அலெப்போவுக்குத் தெற்கே, தெல் ஹத்யா என்ற இடத்தில் வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆய்வு மையத்தின் காப்பகம் இருந்தது. கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை, மசூர் பருப்பு ஆகியவற்றின் பழைய நாட்டு வகைகளும் காட்டு உறவுகளும் அங்கே சேர்ந்திருந்தன. ஈராக்கின் அபு கிரைப் விதைக் காப்பகம் 2003 போரில் சூறையாடப்பட்டது. அங்கிருந்தவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே முக்கியமான விதைகளைப் பெட்டியில் போட்டு இந்த அலெப்போ மையத்துக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். அப்புறம் போர் அலெப்போவுக்கே வந்தது. 2012-ல் மையத்தின் தலைமை வெளியேறியது. உள்ளூர்ப் பணியாளர்கள் அதன் பிறகும் குளிர் அறைகளை ஓடவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் வாங் யூடிங்கை நினைக்கும்போது அவர்களையும் சேர்த்தே நினைக்கிறேன்.

நல்லவேளையாக, மையம் தன் சேகரிப்பின் பெரும்பகுதிக்கு நகல் எடுத்து, 2008-ல் திறந்த நார்வேயின் ஸ்வால்பார்ட் பனிப்பெட்டகத்துக்கு அனுப்பியிருந்தது. 2015-ல் அந்தப் பெட்டகத்திலிருந்து வரலாற்றிலேயே முதல்முறையாக விதை வெளியே எடுக்கப்பட்டது, இவர்களுக்காகத்தான். சுமார் 38,000 மாதிரிகள். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலும் மொராக்கோவிலும் அவற்றைப் பிரித்து விதைத்தார்கள். ஒவ்வொரு வகையையும் தனித்தனிச் சிறு பாத்தியில் போட்டு, பெயர்ப்பலகை நட்டு, களையெடுத்து, கதிர் கதிராக அறுத்து, உலர்த்தி, உறையிலிட்டார்கள். 2017-ல் ஒரு பகுதி பனிக்குத் திரும்பிப் போனது. பெட்டிகளின் மேல் பழைய பெயர்கள்தான் இருந்தன. உள்ளே இருந்தது, சிரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் விளைந்த புது விதை.